ஸ்டாண்ட்பை ஏன் மக்கர் செய்கிறது? போஸ்ட்கிரெஸ் பிரைமரி, ஸ்டாண்ட்பை கான்ஃபிக் பொருந்தாத இடங்களைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷனில், எழுதுவதை ஏற்கும் பிரைமரி சர்வரிலிருந்து அதன் பிரதியான ஸ்டாண்ட்பை சர்வருக்கு டேட்டா தானாகப் போய்ச் சேரும், கான்ஃபிக் போகாது. பிரைமரியில் ஆல்டர் சிஸ்டம் கட்டளை போட்டு மாற்றிய மதிப்பு எதுவும் ஸ்டாண்ட்பையில் தானாக அமலாகாது. அங்கேயும் ஒருவர் கையால் மாற்ற வேண்டும், சில மதிப்புகளை மாற்றுவதில் எந்த சர்வர் முதலில் என்ற வரிசையும் உண்டு. இதைத் தவறவிடும் இடங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிடுங்கள்.

## எதையும் தொடும் முன்

ஸ்டாண்ட்பையின் டேட்டா டைரக்டரியை அழிக்காதீர்கள். "அழித்துவிட்டு பேஸ்பேக்கப்பில் புதிதாக எடுத்துக்கொள்ளலாம்" என்று கை பரபரக்கும். டேட்டாபேஸ் பெரிதாக இருந்தால் பிரைமரியை முழுதாக நகலெடுக்கும் அந்த வேலை முடிய மணிக்கணக்காகும். அதுவரை உங்களிடம் ஸ்டாண்ட்பையே இல்லை. கீழே உள்ள பழுதுகளில் பாதிக்கு மேல் ஒரு வரி கான்ஃபிக்கில் தீர்ந்துவிடும்.

ஃபைலைத் திறந்து பார்ப்பதை விட, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிடமே கேளுங்கள். இரண்டு சர்வரிலும் பிஜி_செட்டிங்ஸ் வியூவிலிருந்து நேம், செட்டிங், சோர்ஸ், சோர்ஸ்ஃபைல், பெண்டிங்_ரீஸ்டார்ட் ஆகிய ஐந்து காலம்களையும் (நெடுவரிசைகள்) பெயர் வரிசையில் எடுத்து இரண்டு ஃபைலாகச் சேமித்து டிஃப் போடுங்கள். சாதாரண யூசராக ஓட்டினால் சோர்ஸ்ஃபைல் காலியாக வரும். சூப்பர்யூசராகவோ பிஜி_ரீட்_ஆல்_செட்டிங்ஸ் ரோல் உள்ளவராகவோ ஓட்டுங்கள்.

அந்த டிஃப்பில் போர்ட், கிளஸ்டர்_நேம், பிரைமரி_கன்இன்ஃபோ, டேட்டா_டைரக்டரி போன்றவை வேறாக இருப்பது இயல்பு. மற்ற ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் யாராவது காரணம் சொல்ல முடிய வேண்டும்.

பெண்டிங்_ரீஸ்டார்ட் "ட்ரூ" என்றிருந்தால், ஃபைலில் ஒரு மதிப்பு, சர்வரில் வேறு மதிப்பு என்று பொருள். ஃபைலை மட்டும் பார்த்தவர் "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு" என்று சாதிப்பது இந்த இடத்தில்தான்.

ஸ்டாண்ட்பை எழுந்திருக்கவே இல்லையென்றால் பிஜி_கன்ட்ரோல்டேட்டா கருவியை அதன் டேட்டா டைரக்டரி மீது ஓட்டுங்கள். பிரைமரியிலிருந்து கடைசியாக வந்து சேர்ந்த மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் முதலிய மதிப்புகள் அதில் அச்சாகும். சர்வர் ஓட வேண்டிய அவசியமில்லை.

## அறிகுறி 1: ஸ்டாண்ட்பை ஸ்டார்ட் ஆகவே மறுக்கிறது

லாகின் கடைசி இருபது வரிகளைப் பாருங்கள். ஃபேட்டல் என்று தொடங்கும் வரி என்ன சொல்கிறதோ அதைப் பொறுத்து வழி பிரிகிறது.

### லாகில் "இன்சஃபிஷியன்ட் பாராமீட்டர் செட்டிங்ஸ்" அல்லது "லோயர் செட்டிங் தேன் ஆன் த பிரைமரி" என்று இருந்தால்

இதுதான் அதிகம் வருவது. ஐந்து மதிப்புகள் ஸ்டாண்ட்பையில் பிரைமரிக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தே ஆக வேண்டும்: மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ், மேக்ஸ்_வொர்க்கர்_பிராசஸஸ், மேக்ஸ்_வால்_செண்டர்ஸ், மேக்ஸ்_பிரிப்பேர்ட்_டிரான்ஸாக்‌ஷன்ஸ், மேக்ஸ்_லாக்ஸ்_பெர்_டிரான்ஸாக்‌ஷன். எது குறைகிறது, இங்கே எவ்வளவு, அங்கே எவ்வளவு என்று லாகே எண்ணோடு சொல்லும். இங்கே 100, பிரைமரியில் 200 என்பது போல.

முதல் காரணம் எளியது: பிரைமரியில் உயர்த்தினார்கள், ஸ்டாண்ட்பையில் மறந்துவிட்டார்கள். ஸ்டாண்ட்பையின் கான்ஃபிக்கில் அதே எண்ணையோ கூடுதலாகவோ போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஒன்றைச் சரிசெய்து ஸ்டார்ட் செய்தால் அடுத்த மதிப்பைச் சொல்லி மறுபடி நிற்கக்கூடும். ஐந்தையும் பிஜி_கன்ட்ரோல்டேட்டாவோடு ஒப்பிட்டு ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். அந்த வெளியீட்டில் இரண்டு பெயர்கள் மட்டும் கொஞ்சம் சுருக்கமாக இருக்கும். டிரான்ஸாக்‌ஷன் என்ற இடத்தில் எக்ஸாக்ட் என்று வரும்.

மாற்றியும் பழைய எண்ணே வந்தால் போஸ்ட்கிரெஸ்கியூஎல்.ஆட்டோ.கான்ஃப் ஃபைலைப் பாருங்கள். ஆல்டர் சிஸ்டம் எழுதுவது அதில்தான். அதிலுள்ளது போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃபில் உள்ளதை எப்போதும் மிஞ்சும். பேஸ்பேக்கப் எடுத்தபோது பிரைமரியின் ஆட்டோ.கான்ஃப் அப்படியே ஸ்டாண்ட்பைக்கு வந்திருக்கும். பல மாதத்துக்கு முந்தைய மதிப்பு அங்கே உட்கார்ந்திருப்பது சகஜம்.

அங்கும் இல்லையென்றால் சர்வர் எந்தக் கட்டளையோடு கிளம்புகிறது என்று பாருங்கள். கட்டளை வரியில் கொடுக்கும் மதிப்பு எல்லா ஃபைலையும் மிஞ்சும். பிரைமரி, ஸ்டாண்ட்பை சர்வர்களை நிர்வகிக்கும் பட்ரோனி என்ற கருவியை வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அது மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் போன்றவற்றைக் கட்டளை வரியில்தான் தருகிறது. ஃபைலை எத்தனை முறை திருத்தினாலும் பலன் இருக்காது, பட்ரோனியின் எடிட்-கான்ஃபிக் வழியாகத்தான் மாற்ற வேண்டும்.

இன்னும் ஒரு நிலை: எண்ணை உயர்த்தினால் ஸ்டாண்ட்பை மெஷினில் மெமரி போதாமல் சர்வர் கிளம்பாது. அப்போது ஹாட்_ஸ்டாண்ட்பை மதிப்பை "ஆஃப்" செய்து ஸ்டார்ட் செய்யலாம். இந்த ஐந்து சோதனையும் ஹாட் ஸ்டாண்ட்பைக்கு மட்டுமே என்பதால் ரெப்ளிகேஷன் ஓடும், டேட்டா வந்து சேரும், ஆனால் யாரும் உள்ளே போய்ப் படிக்க முடியாது. பெரிய மெஷின் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க இது நல்ல வழி.

மாற்றும் வரிசையை எங்காவது ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். உயர்த்தும்போது முதலில் எல்லா ஸ்டாண்ட்பையும், பிறகு பிரைமரி. குறைக்கும்போது முதலில் பிரைமரி, பிறகு ஸ்டாண்ட்பை. குறைக்கும்போது இடையில் ஒரு படி உண்டு: பிரைமரியை ரீஸ்டார்ட் செய்த உடனே ஸ்டாண்ட்பையைத் தொடாதீர்கள். குறைந்த எண் வால் (ஒவ்வொரு மாற்றத்தையும் போஸ்ட்கிரெஸ் எழுதிவைக்கும் பதிவு) வழியாக வந்து ஸ்டாண்ட்பையின் பிஜி_கன்ட்ரோல்டேட்டாவில் தெரிந்த பிறகுதான் அங்கே குறைக்க வேண்டும்.

### லாகில் "ரெகவரி.கான்ஃப் இஸ் நாட் சப்போர்ட்டட்" என்று இருந்தால்

பதிப்பு 12 முதல் அந்த ஃபைல் இருந்தாலே சர்வர் கிளம்பாது. உள்ளே இருக்கும் வரிகளில் ஸ்டாண்ட்பை_மோட், டிரிகர்_ஃபைல் தவிர மற்றவற்றை போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃபுக்கு நகர்த்தி, டேட்டா டைரக்டரியில் ஸ்டாண்ட்பை.சிக்னல் என்ற காலி ஃபைலை உருவாக்கி, பிறகுதான் பழையதை நீக்க வேண்டும். சிக்னல் ஃபைலை மறந்துவிட்டு ரெகவரி.கான்ஃபை மட்டும் நீக்கிவிட்டால் சர்வர் இன்னொரு பிரைமரியாகக் கிளம்பிவிடும். அது நடந்திருந்தால் நேராக அறிகுறி 7க்குப் போங்கள்.

### லாகில் ஏதோ லைப்ரரி ஃபைல் இல்லை என்று இருந்தால்

ஷேர்ட்_ப்ரீலோட்_லைப்ரரீஸ் பட்டியலில் உள்ள எக்ஸ்டென்ஷனின் பேக்கேஜ் ஸ்டாண்ட்பையில் நிறுவப்படவில்லை. பேக்கேஜை நிறுவுங்கள். பட்டியலிலிருந்து பெயரை நீக்கினாலும் சர்வர் கிளம்பும், ஆனால் ஸ்டாண்ட்பை பிரைமரியாக மாறும் ஃபெயில்ஓவர் நாளில் அந்த எக்ஸ்டென்ஷனை நம்பும் அப்ளிகேஷன் விழும்.

### லாகில் டேபிள்ஸ்பேஸ் டைரக்டரி இல்லை என்று இருந்தால்

பிரைமரியில் புது டிஸ்க் மாட்டி டேபிள்ஸ்பேஸ் உருவாக்கியிருக்கிறார்கள். ஸ்டாண்ட்பையில் அதே பாதையில் டைரக்டரியை உருவாக்கி, உரிமையாளராக போஸ்ட்கிரெஸ் யூசரை வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். அந்தப் பாதைக்குப் பின்னால் தனி டிஸ்க் உண்மையில் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ரூட் டிஸ்க் நிரம்பும்.

### லாகில் "வால்_லெவல் மினிமல்" என்று இருந்தால்

பெரிய டேட்டா லோடு வேகமாக முடிய யாரோ பிரைமரியில் வால்_லெவலை மினிமல் ஆக்கியிருக்கிறார்கள். அந்த நேரத்து மாற்றங்கள் வால் ஃபைலில் முழுதாக இல்லை. கான்ஃபிக் திருத்தத்தில் தீராத ஒரு சில பழுதுகளில் இது ஒன்று. பிரைமரியில் ரெப்ளிகா என்று மாற்றி, ரீஸ்டார்ட் செய்து, புதிய பேஸ்பேக்கப் எடுக்க வேண்டும். அந்த மினிமல் காலத்துக்கு முன் எடுத்த பேக்கப்பை அதற்குப் பிந்தைய நேரத்துக்குக் கொண்டுவரவும் முடியாது. எனவே வழக்கமான பேக்கப்பையும் அன்றே புதிதாக எடுங்கள்.

## அறிகுறி 2: ஸ்டாண்ட்பை ஓடுகிறது, ஆனால் டேட்டா பழையதாகவே நிற்கிறது

பிரைமரியில் பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன் வியூவைப் பாருங்கள். ஸ்டாண்ட்பைக்கான வரிசையே (ரோ) இல்லையென்றால் அறிகுறி 3. வரிசை இருந்து, சென்ட்_எல்எஸ்என் (பிரைமரி அனுப்பி முடித்த இடம்) நகர்ந்துகொண்டே போக ரீப்ளே_எல்எஸ்என் (ஸ்டாண்ட்பை தன்னிடம் செயல்படுத்தி முடித்த இடம்) மட்டும் அப்படியே நின்றால் இங்கேயே தொடருங்கள்.

ஸ்டாண்ட்பையில் பிஜி_கெட்_வால்_ரீப்ளே_பாஸ்_ஸ்டேட் ஃபங்ஷனை ஓட்டுங்கள் (பதிப்பு 14 முதல் உண்டு).

"பாஸ்ட்" என்று வந்தால் லாகைப் பாருங்கள். பதிப்பு 14க்கு முன், பிரைமரியில் அந்த ஐந்து மதிப்புகளில் ஒன்று உயர்ந்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாண்ட்பை அப்படியே விழுந்துவிடும், உடனே தெரிந்துவிடும். 14 முதல் அது விழுவதில்லை. ஒரு வார்னிங் எழுதிவிட்டு ரீப்ளேயை நிறுத்திக்கொண்டு, படிக்க வருபவர்களுக்குப் பழைய டேட்டாவைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மானிட்டரிங்கில் "சர்வர் அப்" என்று பச்சையாகத்தான் தெரியும். இதனால் ரீப்ளே தாமதத்துக்குத் தனி அலர்ட் வைத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த வார்னிங் இருந்தால் பிஜி_வால்_ரீப்ளே_ரெஸ்யூம் போடாதீர்கள். போட்டால் சர்வர் நின்றுவிடும், லாகிலும் அப்படியே எச்சரித்திருக்கும். முதலில் மதிப்பை உயர்த்தி, அமைதியான நேரம் பார்த்து நீங்களே ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆனால் ரொம்ப நாள் தள்ளிப் போடவும் கூடாது, ரீப்ளே நின்றிருக்கும்போதும் வால் ஃபைல்கள் வந்து ஸ்டாண்ட்பை டிஸ்க்கில் குவிந்துகொண்டே இருக்கும்.

வார்னிங் இல்லாமல் "பாஸ்ட்" என்றால் யாரோ கையால் நிறுத்தியிருக்கிறார்கள். எதற்கென்று கேட்டுவிட்டு ரெஸ்யூம் போடுங்கள்.

"நாட் பாஸ்ட்" என்று வந்தும் நகரவில்லையென்றால் இரண்டு மதிப்புகளைப் பாருங்கள். ரெகவரி_மின்_அப்ளை_டிலே பூஜ்யமாக இல்லாவிட்டால் வேண்டுமென்றே தாமதப்படுத்திய ஸ்டாண்ட்பை அது. மேக்ஸ்_ஸ்டாண்ட்பை_ஸ்ட்ரீமிங்_டிலே -1 என்றிருந்தால், ஸ்டாண்ட்பையில் ஓடும் ஒரு நீண்ட ரிப்போர்ட் க்வெரி முடியும்வரை ரீப்ளே காத்துக்கொண்டே நிற்கும்.

## அறிகுறி 3: ஸ்டாண்ட்பை பிரைமரியோடு இணையவே இல்லை

இங்கே ஸ்டாண்ட்பை லாகில் சில வினாடிக்கு ஒருமுறை ஒரே பிழை திரும்பத் திரும்ப வரும்.

பிஜி_ஹெச்பிஏ ஃபைலில் (யார் இணையலாம் என்று சொல்வது) வரி இல்லை என்றால், பிரைமரியின் அந்த ஃபைலில் டேட்டாபேஸ் இடத்தில் "ஆல்" என்றிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆல் என்பது ரெப்ளிகேஷனைச் சேர்த்துக்கொள்ளாது. ரெப்ளிகேஷன் என்ற சொல்லோடு தனி வரி வேண்டும். சேர்த்துவிட்டு ரீலோடு போதும்.

மேக்ஸ்_வால்_செண்டர்ஸ் தீர்ந்துவிட்டது என்றால், பிரைமரியில் இயல்பு மதிப்பு 10. பேக்கப் கருவிகளும் இதே இடங்களைப் பிடிக்கும். உயர்த்த ரீஸ்டார்ட் தேவை, மேலே சொன்ன வரிசைப்படி ஸ்டாண்ட்பைதான் முதலில்.

ரெப்ளிகேஷன் ஸ்லாட் (ஸ்டாண்ட்பைக்குத் தேவையான வால் ஃபைல்களைப் பிரைமரியில் நீக்காமல் வைக்கும் ஏற்பாடு) இல்லை என்றால், அநேகமாக சமீபத்தில் ஃபெயில்ஓவர் நடந்திருக்கிறது. பிஸிக்கல் ஸ்லாட்டுகள் ஸ்டாண்ட்பைக்குப் பிரதியாவதில்லை, பேஸ்பேக்கப்பிலும் வராது. புதிய பிரைமரியில் அதே பெயரில் ஸ்லாட்டை உருவாக்குங்கள்.

சிஸ்டம் ஐடென்டிஃபையர் வேறு என்றால், பிரைமரி_கன்இன்ஃபோ வேறொரு கிளஸ்டரைக் காட்டுகிறது. டெஸ்ட் சர்வரிலிருந்து ஃபைலை நகலெடுத்தால் வருவது. ஹோஸ்ட் பெயரைத் திருத்துங்கள், வேறொன்றும் வேண்டாம்.

கேட்ட வால் ஃபைல் ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது என்றால், வால் ஆர்க்கைவ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஸ்டாண்ட்பையில் ரீஸ்டோர்_கமாண்டை அமைத்தால் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். ஆர்க்கைவ் இல்லையென்றால் புதிய பேஸ்பேக்கப்தான். அடுத்த முறை வராமலிருக்க ஸ்லாட் பயன்படுத்தலாம். ஆனால் மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் (பதிப்பு 13 முதல்) இயல்பாக -1, அதாவது வரம்பில்லை. ஸ்டாண்ட்பை நின்றுபோனால் பிரைமரியின் டிஸ்க் நிரம்பி அதுவும் நின்றுவிடும். டிஸ்க் அளவு பார்த்து ஒரு வரம்பு வைத்துவிடுங்கள்.

பழைய பிரைமரியை ஸ்டாண்ட்பையாக்க முயலும்போது டைம்லைன் பிழை வந்தால் பிஜி_ரிவைண்ட் (பிரிந்துபோன சர்வரை மற்றதோடு ஒத்துப்போக வைக்கும் கருவி) தேவை. அது ஓட டேட்டா செக்சம் இருக்க வேண்டும், அல்லது வால்_லாக்_ஹின்ட்ஸ் முன்பே "ஆன்" ஆகியிருக்க வேண்டும். பிரச்சினை வந்த பிறகு ஆன் செய்வதில் பலனில்லை. இன்றைக்கு எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றால் இன்றைக்கே இதைச் சரிபாருங்கள்.

## அறிகுறி 4: பிரைமரியில் கமிட் தொங்குகிறது

படிக்க முடிகிறது, எழுதினால் கமிட் திரும்பி வருவதில்லை. பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் வெயிட்_ஈவென்ட் "சிங்க்ரெப்" என்று வரிசையாக நின்றால் காரணம் ஒன்றுதான்: பிரைமரி ஒரு சிங்க்ரோனஸ் ஸ்டாண்ட்பையின் பதிலுக்குக் காத்திருக்கிறது, பதில் சொல்ல ஆளில்லை.

முதலில் ஸ்டாண்ட்பை உயிரோடிருக்கிறதா பாருங்கள். இருக்கிறது, இணைந்தும் இருக்கிறது என்றால் பெயர் பொருந்தவில்லை. பிரைமரியின் சிங்க்ரோனஸ்_ஸ்டாண்ட்பை_நேம்ஸ் பட்டியலில் உள்ள பெயரும், பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷனில் அப்ளிகேஷன்_நேம் நெடுவரிசையில் தெரியும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பிரைமரி_கன்இன்ஃபோவில் அப்ளிகேஷன்_நேம் கொடுக்காவிட்டால் கிளஸ்டர்_நேம் பயன்படும் (பதிப்பு 12 முதல்), அதுவும் இல்லையென்றால் "வால்ரிசீவர்" என்று வரும். பட்டியலில் ஒரு பெயரைப் போட்டுவிட்டு ஸ்டாண்ட்பை பக்கம் பெயரே வைக்காமல் விடுவதுதான் வழக்கமான காரணம்.

உடனே மூச்சுவிட சிங்க்ரோனஸ்_ஸ்டாண்ட்பை_நேம்ஸை வெற்றாக்கி ரீலோடு செய்யுங்கள், ரீஸ்டார்ட் வேண்டாம். தொங்கிய கமிட்டுகள் எல்லாம் உடனே முடியும். அந்த இடைவெளியில் பிரைமரி டிஸ்க் போனால் கடைசி கமிட்டுகள் போகும் என்பதைப் பொறுப்பானவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

தொங்கும் கமிட்டை கேன்சல் செய்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு விஷயம்: அந்தக் கமிட் ரோல்பேக் ஆகவில்லை. பிரைமரியில் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. மறுபடி அனுப்பினால் இரட்டைப் பதிவு வரும்.

## அறிகுறி 5: ஸ்டாண்ட்பையில் ஓடும் க்வெரிகள் பாதியில் கேன்சல் ஆகின்றன

"கான்ஃபிளிக்ட் வித் ரெகவரி" என்ற பிழை வந்தால் மேக்ஸ்_ஸ்டாண்ட்பை_ஸ்ட்ரீமிங்_டிலே பாருங்கள், இயல்பு 30 வினாடி. ரிப்போர்ட்டுக்கான ஸ்டாண்ட்பை என்றால் உயர்த்தலாம். ஃபெயில்ஓவருக்கான ஸ்டாண்ட்பை என்றால் உயர்த்தாதீர்கள், தாமதம் கூடும். ஹாட்_ஸ்டாண்ட்பை_ஃபீட்பேக்கை "ஆன்" செய்வது இன்னொரு வழி. அதற்கான விலையைப் பிரைமரி கொடுக்கும்: வேக்யூம் பழைய வரிசைகளை நீக்க முடியாமல் டேபிள் வீங்கும்.

## அறிகுறி 6: ஃபெயில்ஓவருக்குப் பிறகு சர்வர் மெதுவாகிறது, அல்லது வரிசைகள் காணாமல் போகின்றன

மெதுவாவது மட்டும் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. ஷேர்ட்_பஃபர்ஸ் 128எம்பி, வொர்க்_மெம் 4எம்பி என்று இருந்து, வொர்க்_மெம்முக்கு சோர்ஸ் நெடுவரிசையில் "டீஃபால்ட்" என்று வந்தால், டியூன் செய்த கான்ஃபிக் இந்த மெஷினுக்கு வரவே இல்லை. டெபியன், உபுண்டுவில் கான்ஃபிக் ஃபைல்கள் டேட்டா டைரக்டரிக்கு வெளியே இடிசி டைரக்டரியின் கீழ் இருப்பதால் பேஸ்பேக்கப்பில் வராது. அந்தக் குடும்பத்தில் இது அடிக்கடி நடக்கும். கூடவே ஆர்க்கைவ்_மோட், ஆர்க்கைவ்_கமாண்ட் இரண்டையும் பாருங்கள். புதிய பிரைமரியில் ஆர்க்கைவ் ஓடாவிட்டால் உங்கள் பேக்கப் சங்கிலி ஃபெயில்ஓவர் ஆன நிமிடத்திலேயே அறுந்துவிட்டது.

வரிசைகள் காணாமல் போவது வேறு கதை. டேபிளில் கண்ணுக்குத் தெரியும் வரிசை, இண்டெக்ஸ் வழியாகத் தேடினால் கிடைப்பதில்லை. யூனிக் நெடுவரிசையில் ஒரே மதிப்பு இரண்டு முறை ஏறுகிறது. இப்படி நடந்தால் இரண்டு மெஷினிலும் ஆபரேட்டிங் சிஸ்டம் பதிப்பைப் பாருங்கள். லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு (2018) எழுத்து வரிசைப்படுத்தும் விதியைப் பெருமளவு மாற்றியது. உபுண்டு 18.04இல் இருப்பது 2.27, 20.04இல் 2.31. ரெட்ஹேட் 7க்கும் 8க்கும் இடையிலும் இதே பிளவு. பழைய விதிப்படி அடுக்கிய டெக்ஸ்ட் இண்டெக்ஸை, புதிய விதி தெரிந்த சர்வர் தேடுகிறது, தவறான பக்கம் போகிறது. போஸ்ட்கிரெஸ் கான்ஃபிக் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் இது நடக்கும்.

சோதனை சுலபம். இரண்டு மெஷினிலும் ஷெல்லில் 1-1, 11 என்ற இரண்டு வரிகளை, டேட்டாபேஸ் பயன்படுத்தும் அதே லொகேலில் சார்ட் கட்டளைக்குக் கொடுங்கள். வரிசை மாறி வந்தால் ஐயமே வேண்டாம். ஒன்றாக வந்தால் மட்டும் முழு நிம்மதி இல்லை. ஆம்செக் எக்ஸ்டென்ஷனின் பிடி_இண்டெக்ஸ்_செக் ஃபங்ஷனை முக்கியமான இண்டெக்ஸ்கள் மீது ஓட்டுங்கள். ஸ்டாண்ட்பையிலும் ஓடும்.

ஃபெயில்ஓவர் இன்னும் நடக்கவில்லை என்றால் ஸ்டாண்ட்பையை அதே ஓஎஸ் பதிப்பில் மறுபடி கட்டுங்கள். நடந்துவிட்டது என்றால் டெக்ஸ்ட் இண்டெக்ஸ் எல்லாவற்றுக்கும் ரீஇண்டெக்ஸ் தேவை. யூனிக் இண்டெக்ஸில் இரட்டை வரிசைகள் இருந்தால் ரீஇண்டெக்ஸே பிழை சொல்லி நிற்கும். எது சரியான வரிசை என்று தீர்மானிப்பது அப்ளிகேஷன் தெரிந்தவரின் வேலை. இங்கே டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) ஒருவரை அழைத்துவிடுங்கள். பதிப்பு 15 முதல் டேட்டாபேஸின் கொலேஷன் (எழுத்து வரிசை விதி) பதிப்பு பொருந்தவில்லை என்று வார்னிங் வரும். ரெஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன் போட்டால் அந்த வார்னிங் மறையும், இண்டெக்ஸ் சரியாகாது. ரீஇண்டெக்ஸுக்குப் பிறகு மட்டுமே அதைப் போடுங்கள்.

## அறிகுறி 7: இரண்டு சர்வருமே எழுத அனுமதிக்கின்றன

இரண்டிலும் பிஜி_இஸ்_இன்_ரெகவரி "ஃபால்ஸ்" என்று வந்தால் இரண்டு பிரைமரி ஓடுகிறது. ஸ்டாண்ட்பை.சிக்னல் இல்லாமல் கிளப்பியது, ஃபெயில்ஓவருக்குப் பிறகு பழைய பிரைமரி தானாக எழுந்தது, இரண்டில் ஒன்று.

அப்ளிகேஷன் எந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து, மற்றதன் நெட்வொர்க்கை மூடுங்கள். இரண்டு பக்கமும் எழுதியிருந்தால் இரண்டையும் மூடுங்கள். பிஜி_ரிவைண்ட் ஓட்டாதீர்கள். அது ஒரு பக்கத்தில் மட்டும் பதிவானதைத் துடைத்துவிட்டு மற்றதோடு சேர்த்துவிடும், பிறகு அந்த வரிசைகளை எங்கிருந்தும் எடுக்க முடியாது. சர்வரை முறையாக நிறுத்தி இரண்டு டேட்டா டைரக்டரியையும் தனித்தனியே பிரதி எடுத்து வையுங்கள்.

இதற்கு மேல் தனியாகச் செய்ய வேண்டாம், அனுபவமுள்ள டிபிஏவை அழையுங்கள். அழைக்கும்போது இவை கையில் இருக்கட்டும்: இரண்டு சர்வரின் பிஜி_கன்ட்ரோல்டேட்டா வெளியீடு, பிரிந்த நேரத்தைச் சுற்றிய இரண்டு லாகும், பிஜி_வால் டைரக்டரியில் .ஹிஸ்டரி என்று முடியும் ஃபைல்கள், அப்ளிகேஷன் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை எந்த ஹோஸ்டுக்கு எழுதியது என்ற விவரம்.